மிச்சம் நாலு

பேராதனையில் குளிரூட்டி செத்துப் பதினோரு நாள்.
உதிரிப்பாகம் துறைமுகத்தில்,
கடிதம் எந்த மேசையிலென்று தில்ருக்ஷிக்கும் தெரியவில்லை.
அறைவெப்பத்தில் என் ஊக்கி
வலக்கை அறுபத்திரண்டு, இடக்கை முப்பத்தெட்டு என்று
பொறுப்பில்லாமல் பிள்ளை பெறுகிறது.

வரைபடத் தாளில் இரண்டு மலை.
ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான மூலக்கூறுகள்,
ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் பொருந்தாது
வலது செருப்பில் இடதுகால் போல.
ஒன்று மருந்தாகலாம்.
மற்றது சும்மா இருக்கலாம்,
சும்மா இராமலும் போகலாம்.

சரிபாதி வந்தால்
எங்கள் லயத்தில் அதற்கொரு சொல் இருக்கிறது: அரைப்பேர்.
பதினெட்டுக் கிலோ எட்டாத நாளில்
செக்ரோலில் விழும் அரை மனுஷி.

ஊக்கியை இப்படித்தான் வரைந்தேன்:
ஒரு முனையில் அமிலம்,
அது ஒருத்தியைத் தோளில் பிடித்து நிறுத்தும்.
மறுமுனையில் மூலம்,
அது மற்றவளிடம் ஒரு புரோத்தனைக் கழற்றும்.
நடுவே வளைந்த எலும்புக்கூடு,
இந்தப் பக்கமாக மட்டும் வா என்கிற சுவர்.
சுவரில் ஒரு மெதைல் கூட்டினேன், அசையவில்லை.
கழித்தேன், இறங்கியது.
ஒரு கதவுக்குக் கீல் எந்தப் பக்கம் என்பதில்
நான்கு மாதம் போனது.

எலும்புக்கூடு கொயினாவினுடையது.
நானுஓயாவுக்கு மேலே எங்கள் பிரிவுக்கே
கொயினாமலை என்றுதான் பேர்.
கோப்பி செத்த பிறகு, தேயிலை மூடுமுன்,
கொஞ்சக்காலம் இங்கே பட்டை உரித்தார்கள்.
விலை விழுந்தது, மரம் போனது.
நான் வாங்கிய புட்டியில் வேறு நாட்டு முத்திரை.

"உங்கள் மூலம் எது?"
நேர்முகத்தில் ஒருவர் கேட்டார்.
நைதரசன் என்றேன்.
அவர் கேட்டது என் பரம்பரை ஏறிவந்த ஊரை.

பொங்கல் லீவுக்குப் பதுளை ரயிலேறும்போது
விரல் நீளப் புட்டியொன்றை மெழுகால் அடைத்து
சுடுதண்ணிப் போத்தலுக்குள் ஐஸ் நடுவே வைத்துக்கொண்டேன்.
எதிரே இருந்தவர் இன்சுலினா என்றார்.
ஆமென்றேன், பாவம்.

பகலில் பீலித் தண்ணீருக்குக் கீழே.
இரவில் லீக்ஸ் பாத்தியில், கவிழ்த்த வாளிக்குள்.
தை மாதம், புல்நுனியெல்லாம் வெள்ளை.
வெப்பமானி இரண்டு காட்டியது,
விடியும்போது பூச்சியம்.
சூட்டில் மூலக்கூறுகள் இரண்டு கணவாயும் ஏறிவிடும்.
குளிரில் அவற்றிடம் செலவுக்குக் காசில்லை,
தாழ்ந்த கணவாய் ஒன்றுதான்.

வாளிக்குக் காவல் பவளராணி அக்கா.
"உள்ள என்ன நடக்குது?"
இரண்டு பொருளைச் சேர்த்துவைத்துவிட்டு
ஊக்கி மாறாமல் வெளியே வரும் என்றேன்,
உயர்தரப் புத்தகம் சொன்னபடி.
அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.
தொழிற்சாலை வாசலில் ரேகை பார்க்கும் இயந்திரம்
போன கிழமை முதலில் வலக்கையை ஏற்கவில்லை,
பிறகு இடக்கையையும்.
கொழுந்தில் தேய்ந்தது, என்றார்களாம்.
நான் புத்தகத்தைத் தொடரவில்லை.

நாற்பது மணி.
திரும்பிப் போய்த் தாளை ஓட்டினோம்.
ஒரு மலை எழுந்தது, எழுந்துகொண்டே போனது.
மற்றது இருந்த இடத்தில் ஒரு கறையான் புற்று.
தொண்ணூற்றாறுக்கு நாலு.
தில்ருக்ஷி என் முதுகில் அடித்த அடியில்
கண்ணாடி கழன்று விழுந்தது.

செய்முறைப் பகுதியில் எழுதினேன்:
பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில், கலக்காமல்.
லீக்ஸ் பாத்தி என்றெழுத இடமில்லை,
இன்னொருத்தி இன்னொரு மலையில் செய்துபார்க்கவும்
அது உதவாது.

இரவு அக்காவுக்கு எடுத்தேன்.
தொண்ணூற்றாறு, என்றேன். கிட்டத்தட்ட முழுப்பேர்.
கோட்டின் அந்தப் பக்கம் ரேடியோ, யாரோ இருமுவது.
பிறகு தராசடியில் இருபது வருடம் நின்றவளின் குரல்:
"மிச்சம் நாலு எங்க?
தண்ணிக்குக் கழிச்சிட்டானுங்களா?"